கறுக்காத முந்திரிகை

மகன்,

கடிதம் என்று தொடங்கினால் "நாங்கள் சுகம், நீ சுகமோ" என்ற வரியைக் கை தானாகவே எழுதிவிடும். இன்றைக்கு அது எழுத வரவில்லை, விட்டுவிட்டேன். நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். மீசாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்பு அறையில் இருக்கிறோம். எங்களோடு இன்னும் கனக் குடும்பங்கள். ஆமி வருகிறதென்று நீர்வேலியை விட்டு ஊரே எழும்பி நடந்த கதையை நீ வானொலியில் கேட்டிருப்பாய். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்லை. மழை வேறு விடாமல் பெய்கிறது. அப்பா சுவரோடு சாய்ந்து இருந்தபடியே நித்திரை கொள்கிறார். கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. எனக்கும் களைப்புத்தான். நடந்த களைப்பு இரண்டு நாளில் போய்விட்டது, இது வேறு. காலையில் கண் விழித்தவுடனேயே, இனி ஒரு பகலைக் கழிக்க வேண்டுமே என்று வருகிற களைப்பு.

உன்னுடைய கடிதம் நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடக் கொஞ்சம் முந்தித்தான் கிடைத்தது. கிணற்றடியில் நின்று படித்தேன். படித்து முடித்தபோது எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இவ்வளவு காலமும் என் முந்திரிகைக் கொடிக்குப் புத்தி சொல்லி உன் கையால் எழுதுவித்த "தோட்டத்து ஆள்" நான் நினைத்தது போல ஒரு கிழவர் இல்லையாம். நீ வேலை செய்கிற தோட்டத்துச் சொந்தக்காரரின் மகளாம். கிளேர் என்று பெயராம். அவளைக் கட்ட விரும்புகிறாயாம், ஆனால் அம்மா ஓம் என்று எழுதாமல் கட்டமாட்டாயாம். எவ்வளவு மரியாதையான பிள்ளை! வருடக்கணக்காகத் தாயைப் பேய்க்காட்டி ஏமாற்றிப்போட்டுக் கடைசியில் சம்மதம் கேட்கிறான். ஞானமுத்து வாத்தியாரின் மகளுக்கு உன்னைத் தருவதாக நான் வாய் விட்டுச் சொல்லியிருப்பது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறாய். அந்த ஒரு சொல்லை எழுதவா விடவா என்று இத்தனை நாளும் கிடந்து உழன்றேன். இன்றைக்கு எழுதுகிறேன். ஆனால் சுற்றித்தான் வருவேன், பொறுமையாகப் படி.

எண்பத்தைந்தில் நீ வல்வெட்டித்துறையில் வள்ளம் ஏறியபோது உனக்கு மீசைகூட ஒழுங்காக அரும்பவில்லை. பிறகு எங்கெங்கோ அலைந்து, பிரான்சில் திராட்சைரசத்துக்கு வளர்க்கிற முந்திரிகைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதினாய். அப்பா, உன் கொப்பர், சிரித்த சிரிப்பு! "வாழைக்குத் தண்ணி மாறச் சொன்னால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினவன், இப்ப அங்கை போய்த் தோட்டம் கொத்துறானாம். கடவுள் இருக்கிறார் எண்டு இப்பதான் எனக்கு நம்பிக்கை வருது." ரயிலே ஓடாத ஊரில் ரயில்வேப் பென்சன்காரராக இருந்து வாழைத்தோட்டம் பார்த்த மனிதர், பேசாமல் என்ன செய்வார். அவர் சிரித்ததில் எனக்கும் ஒரு ஆறுதல். பிள்ளை மண்ணைத் தொட்டு வேலை செய்கிறான், எந்த நாடென்றாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

தொண்ணூற்றிரண்டு மாசியில் எங்கள் சபைப் போதகர் கொழும்பில் இருந்து திரும்பி வரும்போது ஈரத்துணி சுற்றிய மூன்று தடிகளைக் கொண்டுவந்து தந்தார். நீ யாரிடமோ கொழும்புக்குக் கொடுத்து அனுப்பியது. வவுனியாவில் பையைக் கிளறிய ஆமிக்காரன் கொண்டுபோகத் தடை செய்த பற்றரியைத் தேடிய இடத்தில் தடியைக் கண்டு முழித்தானாம். "கோயிலுக்கு வேண்டிய செடி" என்று போதகர் சொல்ல, முகர்ந்து பார்த்துவிட்டு விட்டானாம். குளிர்காலத்தில் வெட்டிய தடி, நித்திரையில் இருக்கும், ஒரு மாதம் பொறுக்கும் என்று நீ எழுதியிருந்தாய். ஷார்டொனே என்று பெயரும் எழுதியிருந்தாய். அந்தப் பெயர் என் வாயில் ஒழுங்காக வரக் கன நாள் பிடித்தது. கிணற்றடிப் பந்தலில் எங்கள் பழைய கறுப்பு முந்திரிகைக்குப் பக்கத்தில் மூன்றையும் ஊன்றினேன். இரண்டு காய்ந்து போயின. ஒன்று துளிர்த்தது. இலை எங்கள் முந்திரிகை இலையைவிடக் கொஞ்சம் வட்டமாக, ஓரத்தில் பெரிய வெட்டில்லாமல் இருந்தது. பம்புக்கு மண்ணெண்ணெய் இல்லாத காலம். அப்பா துலாவில் அள்ளித் தர, நான் வாளியில் கொண்டுபோய் ஊற்றினேன்.

இலையில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு நோய் விழுந்தபோதுதான் நான் முதன்முதலாக உன் "தோட்டத்து ஆளிடம்" கேட்டு எழுதினேன். ஆறு மாதம் கழித்து மறுமொழி வந்தது: கந்தகம் தூவச் சொன்னார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "கந்தகமோ? இங்கை நெருப்புப்பெட்டியே கண்ணாலை காணக் கிடைக்கேல்லை எண்டு அந்த மனுசனுக்குச் சொல்லு" என்று அப்பா கத்தினார். அப்படியே எழுதினேன், கொஞ்சம் காரமாகவே எழுதினேன். வேறு யாராவது என்றால் பாவம் என்று இரண்டு வரி எழுதி முடித்திருப்பார்கள். அடுத்த கடிதத்தில் வந்ததோ ஒரு கேள்வி. "அப்படியானால் உங்களிடம் என்ன இருக்கிறது? வீட்டில், அடுப்படியில், மாட்டுக்கொட்டிலில் இருக்கிற எல்லாவற்றையும் எழுதுங்கள், அதில் இருந்து யோசிப்போம்." அந்த வரியை நான் இரண்டு தரம் படித்தேன். பொருளாதாரத் தடை வந்த நாளில் இருந்து எங்களிடம் என்ன இல்லை என்று கேட்டவர்கள்தான் அதிகம். அடுப்புச் சாம்பல், மோர், வேப்பெண்ணெய், மாட்டு மூத்திரம் என்று எழுதினேன். இலையை நெருக்கமாக விடாமல் கிள்ளி வெளிச்சமும் காற்றும் விடுங்கள், சாம்பலை விடியலில் பனி ஈரத்தில் தூவுங்கள், மோரை எவ்வளவு தண்ணீரில் கலக்கிறீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள், நானும் இங்கே ஒரு கொடியில் செய்து பார்க்கிறேன் என்று மறுமொழி வந்தது. இந்தக் கிழவர் நல்ல மனுசன் என்று அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன்.

கிழவர் என்று நினைத்த காரணத்தால் நான் செய்த கூத்துகளை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. குளிரில் முழங்கால் வலிக்கும் என்று நல்லெண்ணெய் காய்ச்சிப் பூசச் சொல்லி எழுதினேன். கரை போட்ட சால்வை ஒன்று அனுப்பினேன், அப்பா கட்டாமல் வைத்திருந்தது. அதைவிட மோசம், உன்னைப் பற்றியே கோள் சொன்னேன். "இவன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா, அளவுக்கு மிஞ்சிக் குடிக்கிறானா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள், தாய் கேட்கிறேன்" என்று எழுதினேன். அதையும் நீதானே அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருப்பாய்! "குடிக்கிறான், ஆனால் எனக்கு முன்னால்தான்" என்று மறுமொழி வந்ததே, அதையும் நீயே தமிழில் எழுதினாயே, உனக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருந்ததா? படவா.

தொண்ணூற்றிநாலு ஆவணியில் முதல் காய் பிடித்தது. சின்னச் சின்னக் குலை, நெருக்கமாக, மணி உருண்டையாக. எங்கள் பக்கத்தில் முந்திரிகை என்றால் கறுக்க வேண்டும், கறுத்தால்தான் பழம். ஆகவே கறுக்கட்டும் என்று காத்திருந்தோம். ஞானமுத்து வாத்தியார் சைக்கிளில் போகிறபோதெல்லாம் வாசல் படலையில் நின்று கேட்பார்: "என்ன தங்கச்சி, இன்னும் கறுக்கேல்லையோ?" "இல்லை அண்ணை, உது கறுக்கிற யோசனையிலை இல்லைப் போல." கொப்பர் உள்ளே இருந்து, "பிரான்ஸ்காரருக்கு அவசரம் கிடையாது" என்பார். பிறகு வெயில் படுகிற பக்கத்து மணிகள் மஞ்சளிக்கத் தொடங்கின. எனக்குப் பயம் பிடித்தது. காமாலை மாதிரி ஏதோ நோய் என்று நினைத்து இருந்த சாம்பல் முழுவதையும் அள்ளித் தூவினேன். அணிலும் கொண்டைக்குருவியும் அந்தச் சாம்பலோடு சேர்த்துச் சாப்பிட்டன. கடைசியில் வெறும் காம்புதான் மிஞ்சியது. உன் கொடி உதவாத கொடி, அது பழுக்கவே பழுக்காது என்று கோபத்தில் எழுதினேன்.

"அது கறுக்காது. அது வெள்ளைப் பழம், மஞ்சளித்தால் பழுத்துவிட்டது. நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு மணியைக் கடித்து விதையைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் பொறுங்கள், மண்ணிறமாகிப் பல்லில் நொறுங்கினால் வெட்டுங்கள். இதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. கறுப்பு முந்திரிகை மட்டுமே இருக்கிற வீட்டில் இது எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவே இல்லை." இப்படித்தான் மறுமொழி வந்தது, இந்த முறை கெதியாக, மாரி முடிய முதலே. அந்தப் பழத்துக்கென்று பெரிய வாசம் கிடையாது என்றும், வளர்கிற மண்ணையும் வளர்க்கிற கையையும் வாங்கித்தான் ருசி வரும் என்றும் எழுதியிருந்தது. மாரி முடிய, மார்கழிக் கடைசியில் சொன்னபடி கொடியைக் கத்தரித்தேன். ஒவ்வொரு கொப்பிலும் இரண்டு முளைக்கண் விட்டு வெட்டென்றால் இரண்டு கண் விட்டு வெட்டினேன். பங்குனியில் பந்தல் நிறையக் குலை. ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு மணியைக் கடித்து விதையைக் கையில் துப்பிப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்து, "விசரி" என்றார். ஒரு நாள் விதை நொறுங்கியது. தேன் மாதிரி இனிப்பு, கடைசியில் நாக்கில் ஒரு புளி, அதற்குப் பின்னால் எங்கள் கிணற்றுத் தண்ணீரின் ருசி. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

உயிர்த்த ஞாயிறு இராப்போசன ஆராதனைக்கு அந்த வருடம் சபையில் முந்திரிகை ரசம் இல்லை. கொழும்பில் இருந்து ஒரு போத்தலும் வரவில்லை. எங்கள் கறுப்பு முந்திரிகையும் அந்த முறை காய்க்கவில்லை. போதகர் என்னிடம் கேட்டார். நான் பழத்தைப் பிழிந்து, துணியில் வடித்து, எங்கள் சபை வழக்கப்படி காய்ச்சி ஆறவைத்துக் கொண்டுபோனேன். ஞானமுத்து வாத்தியார் சபை மூப்பர் அல்லவா, போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "தங்கச்சி, உது தேத்தண்ணி மாதிரியெல்லே கிடக்கு. கிறிஸ்துவின்ரை இரத்தத்துக்கு அடையாளமா வைக்கிறது, சிவப்பா இருக்கவேண்டாமோ?" "பழம் வெள்ளை அண்ணை, சாறு எப்பிடிச் சிவக்கும்?" கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கடை தோட்டத்திலை பீற்றூட் கிடக்கு. ஒரு கரண்டி சாறு விட்டால் ஆருக்குத் தெரியும்?" என்றார். எனக்கு வந்ததே கோபம். "எனக்குத் தெரியும். குடுக்கிற போதகருக்குத் தெரியும். கேட்ட உங்களுக்குத் தெரியும். இன்னும் ஆருக்குத் தெரியவேணும்?" என்றேன். போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வெள்ளையாவே இருக்கட்டும்" என்றார். அன்றைக்கு வாத்தியார் அந்தச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு குடித்தார். ஆராதனை முடிந்து வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, "கொஞ்சம் புளிதான். ஆனால் நல்லாத்தான் கிடக்கு" என்றார்.

எப்படியும் காய்ச்சத்தான் போகிறேன் என்று பிஞ்சு பிடித்தபோதே நான் எழுதியதற்கு, சண்டை நின்றிருந்த காலத்தில் தபால் கெதியாக வந்ததால், ஒரு போத்தலையாவது காய்ச்சாமல் வையுங்கள் என்று உன் ஆள் கெஞ்சிக் கேட்டிருந்தது. அப்பா எனக்குத் தெரியாமல் ஒரு போத்தலை நிரப்பி, தக்கையை அடித்து இறுக்கி, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். ஒரு மத்தியானம் வாத்தியாரும் வந்திருந்த நேரம், குசினிக்குள் பெரிய வெடிச் சத்தம். மூன்று பேரும் ஒருவருக்கு மேல் ஒருவர் விழுந்து குண்டுக்குப் பயந்து வெட்டிய பங்கருக்குள் குதித்தோம். அடுத்த சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு புளித்த வாசம் மட்டும் வந்தது. கொப்பரின் முகத்தைப் பார்த்தேன், பிடிபட்ட கள்ளன் முகம். அதை எழுதியபோது, மூடியை இறுக்கக் கூடாது, காற்றுப் போக வழி விட வேண்டும் என்று மறுமொழி வந்தது. அதற்குக் கீழே, "பயந்திருப்பீர்கள். நான் இங்கே இருந்துகொண்டு விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். இனி எதையும் கேட்க முன்னம் யோசிப்பேன்" என்றும் இருந்தது.

இப்படி எழுதிய ஆள்தான் அவள் என்று இப்போது சொல்கிறாய். கடிதத்தோடு வந்த படத்தில் இலை உதிர்ந்த கொடிகளுக்கு நடுவில், மூக்கு நுனி சிவக்க, என் சால்வையைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அப்பாவிடம் காட்டினேன். "இஞ்சாருங்கோ, என்ன சொல்லுறியள்?" என்று கேட்டேன். "நான் என்னத்தைச் சொல்ல? அந்த ஆளோடை இவ்வளவு காலமும் கதைச்சது நீர். எங்களுக்கு வரப்போற மருமகளைப் பற்றி என்னைவிட உமக்குத்தான் கனக்கத் தெரியும்" என்றுவிட்டுத் திரும்பிப் படுத்தார். எனக்கு உன்மேல்தான் ஆத்திரம். அவள்மேல் ஆத்திரப்படப் பார்த்தேன், முடியவில்லை. ஆனால் வாத்தியாரின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நான் கொடுத்த வாக்கை நான்தானே போய் உடைக்க வேண்டும்?

அதற்குள் ஊர் எழும்பியது. வாத்தியார் குடும்பமும் நாங்களும் இதே அறையில்தான் வந்து சேர்ந்தோம், நடுவில் பிள்ளைகள் இருக்கிற வாங்கு ஒன்று மட்டும். அவருடைய மகள் எனக்கும் சேர்த்துக் கிணற்றில் வரிசையில் நின்று தண்ணீர் அள்ளித் தந்தது. அப்பாவின் காலுக்கு ஒத்தடம் போட்டது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. போன கிழமை வாத்தியாரை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். "எத்தினை பேர் வந்து கேட்டவை தெரியுமே? உங்கடை வாயை நம்பித்தான் எல்லாருக்கும் இல்லையெண்டு சொன்னனான்" என்றார். "ஓம் அண்ணை. என்ரை பிழைதான். அவனைக் கேளாமல் சொன்னது." அவர் நனைந்துகொண்டே உள்ளே போய்விட்டார். இரண்டு மூன்று நாள் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. நேற்றுக் காலையில் தானாக வந்து, "தங்கச்சி, நாங்கள் அண்டைக்குக் கோயில்லை குடிச்சது அந்தப் பிரான்ஸ் பிள்ளையின்ரை பழமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அதை முதலே சொல்லியிருந்தால் நான் பீற்றூட்டெண்டு கதைச்சிருக்கமாட்டன்" என்றார். கோபம் முழுதாகப் போகவில்லை, குரலில் தெரிந்தது. ஆனால் இந்தத் தாளும் பேனையும் அவர் தந்ததுதான். மகளுக்கு அவரே சொல்லிவிட்டாராம். அந்தப் பிள்ளை இன்றைக்கும் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது, என் முகத்தைப் பாராமல் வைத்துவிட்டுப் போனது. அதற்கு ஒரு நல்ல வழி பிறக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு நாளும் ஜெபிக்கிறேன், நீயும் ஜெபி.

ஒன்று சொல்கிறேன், கேள். நாங்கள் ஒரு வருடப் பழத்தை இழந்தது அது கறுக்கும் என்று காத்திருந்ததால்தான். நீ அவளிடம் அப்படிக் காத்திருக்காதே. இன்னும் ஐந்து வருடத்தில் எங்கள் பெட்டையள் மாதிரி ஆகிவிடுவாள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு கட்டுவதென்றால் கட்டாதே. பாரிசில் இருக்கிற எங்கள் ஆட்கள் அவளுக்குப் பீற்றூட் சாறு விட வருவார்கள். இப்படி உடு, அப்படிக் கும்பிடு, இந்தப் பெயரை வை என்பார்கள். எல்லாரும் நல்ல மனதோடுதான் வருவார்கள், வாத்தியாரும் நல்ல மனதோடுதான் சொன்னார். விடாதே. அவளாக விரும்பிச் சேலை உடுத்தினால் அது வேறு. இன்னொன்று, அவளோடு சண்டை பிடித்தால் மூடியை இறுக்கி வைத்துக்கொண்டு இருக்காதே. நீ கொப்பரின் மகன், உனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது.

என்னைப் பற்றிக் கேட்டிருந்தாய், கொழும்புக்கு வந்து அங்கிருந்து கலியாணத்துக்கு வரப் பார் என்று. எங்கே வருவது மகன்? இந்த அறையின் வாசல் வரைக்கும் போய் வரவே இருவருக்கும் போதும் என்றாகிறது. கலியாணம் எந்த நாள் என்று எழுது. அந்த நாளில் போதகரை இந்த வகுப்பறைக்கு வரச்சொல்லி உங்களுக்காக ஜெபம் வைப்போம். வாத்தியாரையும் கூப்பிடுவேன், வருவார் என்றுதான் நினைக்கிறேன்.

வெளிக்கிட்ட அன்று நான் கடைசியாகப் போனது பந்தலடிக்கு. கொடி இலை மூடிக் கிடந்தது. மாரி முடிந்ததும் கத்தரிக்க வேண்டியது, இந்த முறை அங்கே யாரும் இருக்கப் போவதில்லை. அதனால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. கத்தரிக்க ஆளில்லாமல், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் ஒரு ஷார்டொனே எத்தனை வருடம் தாங்கும்? நான் திரும்பிப் போகிற நாளில் எங்கே வெட்டினால் மறுபடி துளிர்க்கும்? அவளிடம் கேள். இந்த முறை நீ நடுவில் நின்று எழுத வேண்டாம். அவளுடைய கையாலேயே எழுதட்டும், அவளுடைய மொழியிலேயே எழுதட்டும், வாசித்துச் சொல்ல நான் யாரையாவது பிடித்துக்கொள்வேன். முதல் சொல்லை மட்டும் தமிழில் எழுதப் பழக்கிவிடு. மாமி என்று தொடங்கச் சொல்.

அம்மா